நடுவில் நின்றவர்கள்

சட்டப்படி பார்த்தால் கொரியப் போர் இன்னும் முடியவில்லை. 1953 ஜூலை 27 காலை 10 மணிக்கு பன்முன்ஜோமில் கையெழுத்தானது போர்நிறுத்த உடன்படிக்கை மட்டும்தான். ஐ.நா. படைத் தலைமை, வடகொரியா, சீனத் தன்னார்வப் படை என்று மூன்று தரப்புத் தளபதிகள் அதில் கையெழுத்துப் போட்டார்கள். தென்கொரியா போடவே இல்லை. அன்றிரவு 10 மணிக்குப் பீரங்கிகள் ஓய்ந்தன. மூன்று மாதத்துக்குள் ஓர் அரசியல் மாநாடு கூடி மிச்சத்தைப் பேசித் தீர்க்கட்டும் என்று அந்த உடன்படிக்கையே பரிந்துரைத்தது. 1954 ஏப்ரலில் ஜெனீவாவில் மாநாடு கூடியது, ஜூனில் ஒன்றும் தீராமல் கலைந்தது. எழுபது வருடம் தாண்டியும் அந்தத் தற்காலிக ஏற்பாட்டின் மேல்தான் இரண்டு கொரியாக்களும் நிற்கின்றன.

கணினித் துறையில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதை. ராத்திரி 2 மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் முதலில் ஒரு ஒட்டுப் போட்டு ஓடவைப்பார்கள். 'திங்கட்கிழமை ஒழுங்கா பண்ணிக்கலாம்' என்பார்கள். அந்தத் திங்கட்கிழமை பெரும்பாலும் வராது. ஒட்டுப் போட்டவர் வேலையை விட்டுப் போயிருப்பார், ஒட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அது தானாக ஓடுவதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் யாரோ ஒருவர் தினமும் காலையில் வந்து அதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அவர் யார் என்பது அவர் லீவு போடும் நாளில்தான் தெரியும்.

கொரியப் போர்நிறுத்தம் என்ற ஒட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யார்? இந்தக் கேள்வியோடு பழைய வரலாற்றைப் புரட்டினால் வழக்கமாகப் பேசப்படும் ஆட்கள் கொஞ்சம் பின்னால் போகிறார்கள். ட்ரூமன், ஸ்டாலின், மாவோ, மக்ஆர்தர் ஆகியோருக்கு நடுவிலிருந்து ஓர் இந்தியத் தூதர், ஒரு ராணுவ டாக்டர், குடகிலிருந்து போன ஒரு ஜெனரல், சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய 88 பேர் என்று வேறு முகங்கள் தெரிகின்றன.

*

செங்கல்பட்டுப் பக்கம் உட்கார்ந்துகொண்டு கொரியாவைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? 'அங்க சண்டை வந்தா நமக்கென்னப்பா' என்று யாராவது கேட்டால் பதில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1996இல் ஹூண்டாய் இந்தியாவுக்கு வந்து இருங்காட்டுக்கோட்டையில் இடம் பிடித்தபோது அது பழைய செங்கல்பட்டு மாவட்டம். மறுவருடம்தான் அந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. இப்போதைய செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உண்டானது. ஹூண்டாயின் பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகைகள் வந்தன, கிம்ச்சி கிடைக்கும் கடைகள் வந்தன. 'அப்பா' என்ற சொல் கொரியாவிலும் அப்பாதான் என்பது கே-டிராமா பார்க்கும் தலைமுறைக்கு முன்பே இந்தப் பகுதியின் ஷிஃப்ட் தொழிலாளிகளுக்குத் தெரிந்துவிட்டது.

ஹூண்டாயின் நிறுவனர் சுங் ஜு-யுங் 1915இல் பிறந்த தோங்சோன் இன்று வடகொரியாவில் இருக்கிறது. விவசாயக் குடும்பம். அப்பா மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடிப்போன பையன் அவர். பிற்பாடு நாடு பிரிந்தது, ஊர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. 1998 ஜூன் 16 அன்று, 82 வயதில், தன் பண்ணையிலிருந்து 500 மாடுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு பன்முன்ஜோம் வழியாக வடக்கே போனார். அக்டோபரில் இன்னும் 501 மாடுகள். மொத்தம் 1,001. அப்பாவின் ஒரு மாட்டுக் கடனை வட்டியோடு அடைத்தேன் என்கிற அர்த்தத்தில்தான் அந்தக் கணக்கு சொல்லப்பட்டது.

அதே 1998இல்தான் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார்கள் வெளியே வந்தன. நம் ஊர் நெடுஞ்சாலையில் ஓடிய அந்தக் காருக்குப் பின்னால் சொந்த ஊருக்குப் போக முடியாத ஒரு மனிதர் இருந்தார். பிரிவினை என்பது வரைபடத்தில் இருக்கும் கோடு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த மாடுகளைத்தான் காட்ட வேண்டும்.

அந்தக் கோடு போடப்பட்ட கதையும் வேடிக்கையானது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையப்போகிறது, கொரியாவில் யார் எதுவரை வருவது என்று அவசரமாக முடிவெடுக்க வேண்டும். வாஷிங்டனில் இரண்டு அமெரிக்க கர்னல்கள், டீன் ரஸ்க்கும் சார்லஸ் போன்ஸ்டீலும், ஒரு நேஷனல் ஜியாகரஃபிக் வரைபடத்தை வைத்துக்கொண்டு சுமார் அரைமணி நேரத்தில் 38வது அட்சரேகையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவும் ஒரு தற்காலிக ஒட்டுதான். இரண்டு பக்கமும் ஒன்றாகத் தேர்தல் நடத்துவதற்காக ஐ.நா. ஒரு தற்காலிகக் குழுவை அனுப்பியது. அதன் தலைவர் கே.பி.எஸ். மேனன், இந்தியர். சோவியத் தரப்பு குழுவை வடக்கே விடவில்லை. 1948 மே மாதம் தெற்கில் மட்டும் தேர்தல் நடந்தது. ஆகஸ்டில் ஒரு நாடு, செப்டம்பரில் இன்னொரு நாடு. 1950 ஜூன் 25 அன்று வடக்கின் படைகள் கோட்டைத் தாண்டின.

*

மாமல்லபுரத்தில் 2019 அக்டோபரில் ஷி ஜின்பிங் வந்து அர்ச்சுனன் தபசு முன்னால் நின்ற படம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அவருக்கு முன்பே, 1956 டிசம்பரில், இன்னொரு சீனத் தலைவர் அந்தக் கடற்கரைக்கு வந்து போயிருக்கிறார்: அன்றைய பிரதமர் சௌ என்லாய். பக்கத்திலிருக்கும் குழிப்பாந்தண்டலம் கிராமத்துக்கும் போனார். அதற்கு ஆறு வருடம் முன்னால் அவர் செய்த ஒரு காரியம் கொரியப் போரின் போக்கையே மாற்றியிருக்கலாம்.

1950 செப்டம்பரில் மக்ஆர்தரின் படை இஞ்சோனில் இறங்கி வடகொரியர்களைத் துரத்த ஆரம்பித்திருந்தது. 38வது கோட்டோடு நிற்பதா, தாண்டிப் போவதா என்பது கேள்வி. அக்டோபர் 3 அன்று, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், பீக்கிங்கில் இருந்த இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரை சௌ என்லாய் வரச்சொன்னார். அமெரிக்கப் படை கோட்டைத் தாண்டினால் சீனா சும்மா இருக்காது என்றார். அமெரிக்காவுக்கு பீக்கிங்கில் தூதரகம் கிடையாது. இந்தச் சேதி போய்ச்சேர இந்தியாதான் வழி. பணிக்கர் டெல்லிக்குத் தந்தியடித்தார், டெல்லி லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் சொன்னது.

வாஷிங்டன் நம்பவில்லை. பணிக்கர் சீனாவுக்குச் சாய்ந்தவர், இது வெறும் மிரட்டல் என்று ஒதுக்கினார்கள். படை கோட்டைத் தாண்டியது. அக்டோபர் 19 அன்று சீனப் படைகள் யாலு நதியைக் கடக்கத் தொடங்கின. சில மாதங்களில் முடிந்திருக்கக்கூடிய போர் மூன்று வருடம் இழுத்தது, லட்சக்கணக்கில் செத்தார்கள்.

சேதி சரியாக இருந்தது, சரியான நேரத்தில் போய்ச்சேர்ந்தது. கொண்டுபோனவர் மேல்தான் நம்பிக்கை இல்லை. ஒரு போர் மறுபடி மூளும் ஆபத்தில் உலகம் என்ன செய்ய முடியும் என்று கேட்டால், கண்டன அறிக்கைக்கும் படை அனுப்புவதற்கும் முன்னால் இது இருக்கிறது: எதிரிகள் இருவருமே நம்பக்கூடிய ஓர் ஆள் வேண்டும். அப்படி ஓர் ஆளைப் போர் வந்தபிறகு தயாரிக்க முடியாது.

*

போருக்கு இந்தியா சண்டைபோடும் படை அனுப்பவில்லை. டாக்டர்களை அனுப்பியது. 60வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு 1950 நவம்பரில் பூசானில் இறங்கியது. தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். போன வேகத்தில் பின்வாங்கல். டிசம்பரில் சீனப் படை நெருங்க, பியோங்யாங்கைக் காலிசெய்யச் சொன்னார்கள். மருந்துகளையும் கருவிகளையும் ஏற்ற வண்டி போதவில்லை. விட்டுவிட்டுப் போனால் மருத்துவமனையே போய்விடும். தேடியதில் ஒரு பழைய ரயில் எஞ்சின் கிடைத்தது. வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து கொதிகலனை நிரப்பினார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்த சிப்பாய்கள் ஓட்டினார்கள். பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்னால் அந்த ரயில் ஆற்றைக் கடந்தது. 1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்கப் பாராசூட் படை குதித்தபோது ரங்கராஜின் சிறு அறுவைசிகிச்சைக் குழுவும் கூடவே குதித்தது. அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

இந்தப் பிரிவு ஐ.நா. படைத் தலைமையின் கீழ் இருந்ததால் முழு நடுநிலை என்று சொல்ல முடியாது. ஆனால் ஐ.நா. அரங்கில் அதே இந்தியா 1951 பிப்ரவரியில் சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்று அறிவிக்கும் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது. சோவியத் அணிக்கு வெளியே எதிர்த்தவை இந்தியாவும் பர்மாவும்தான். முத்திரை குத்திவிட்டால் பேச்சுவார்த்தைக் கதவு மூடிவிடும் என்பது இந்தியாவின் வாதம். அமெரிக்காவில் கடுப்பானார்கள். வடகொரிய ஆக்கிரமிப்பைக் கண்டித்த முதல் தீர்மானத்தை ஆதரித்ததால் அந்தப் பக்கத்துக்கும் இந்தியா மேல் கோபம். ரெண்டு பக்கமும் திட்டு.

1951 ஜூலையில் தொடங்கிய போர்நிறுத்தப் பேச்சு ஒரே ஒரு விஷயத்தில் ஒன்றரை வருடத்துக்கு மேல் சிக்கி நின்றது: கைதிகள். ஐ.நா. தரப்பின் முகாம்களில் இருந்த ஆயிரக்கணக்கான சீன, வடகொரியக் கைதிகள் ஊருக்குத் திரும்ப விரும்பவில்லை என்றது ஒரு தரப்பு. எல்லோரையும் ஒப்படைக்க வேண்டும் என்றது இன்னொரு தரப்பு. பேச்சு நின்றாலும் சண்டை நிற்கவில்லை. ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒரு குன்றுக்காக இரண்டு பக்கமும் செத்துக்கொண்டிருந்தார்கள்.

1952 இறுதியில் வி.கே. கிருஷ்ண மேனன் ஐ.நா.வில் ஒரு வழி சொன்னார். கைதிகளை நடுநிலை நாடுகளின் குழு ஒன்றிடம் ஒப்படைப்போம். யாரையும் பலவந்தமாக அனுப்பவும் கூடாது, பலவந்தமாக நிறுத்திவைக்கவும் கூடாது. சோவியத்தும் சீனாவும் முதலில் எதிர்த்தன. தீர்மானம் டிசம்பர் 3 அன்று நிறைவேறியது. அப்போதைக்கு அது வெறும் காகிதம். 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தபின் காற்று மாறியது. அதே யோசனை சிறிது மாற்றங்களோடு ஜூன் 8 அன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, இந்தியா என ஐந்து நாடுகள் அந்தக் குழுவில் இருந்தன. தலைமை இந்தியாவுக்கு. கைதிகளைக் காவல் காக்கும் படையும் இந்தியா மட்டுமே.

தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ கொதித்தார். ஜூன் 18 அன்று சுமார் 27,000 கைதிகளைத் தன்னிச்சையாகத் திறந்துவிட்டார். இந்தியச் சிப்பாய்கள் தென்கொரிய மண்ணில் கால் வைக்கக் கூடாது என்றார். அதனால் இஞ்சோன் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களிலிருந்து சுமார் 6,000 பேரை ஹெலிகாப்டர்களில் தூக்கி, ராணுவம் நீக்கப்பட்ட நடுப்பட்டையில் இறக்க வேண்டியிருந்தது. அவர்கள் கூடாரம் அடித்த இடத்துக்கு ஹிந்த் நகர் என்று பெயர் வைத்தார்கள். குழுத் தலைவர் ஜெனரல் கே.எஸ். திம்மய்யா, காவல் படைத் தளபதி மேஜர் ஜெனரல் எஸ்.பி.பி. தோரட்.

அவர்கள் கையில் வந்தவர்கள் தெற்கிலிருந்து 22,604 பேர், வடக்கிலிருந்து 359 பேர். விதி இதுதான்: 90 நாட்களுக்குள் ஒவ்வொரு கைதியையும் ஒரு கூடாரத்துக்குக் கூட்டிவர வேண்டும். அவனுடைய நாட்டுப் பிரதிநிதி 'வீட்டுக்கு வா' என்று பேசுவார். ஐந்து நாட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேச்சு முடிந்ததும் கைதி இரண்டு வாசல்களில் ஒன்றின் வழியாக வெளியே போகலாம். ஒன்று ஊருக்கு, இன்னொன்று திரும்ப முகாமுக்கு.

எழுதிவைக்கச் சுலபம். முகாம்களுக்குள் கைதிகளின் தலைவர்களே ராஜ்ஜியம் நடத்தினார்கள். ஊருக்குப் போக ஆசைப்பட்டவன் காலையில் பிணமாகக் கிடந்த சம்பவங்கள் உண்டு. இந்தியக் காவலர்கள் மேல் கல் விழுந்தது. கைதிகள் ஓர் இந்திய மேஜரைப் பிடித்து வைத்துக்கொண்டபோது தோரட் ஆயுதமில்லாமல் உள்ளே போய்ப் பேசி மீட்டுவந்தார். அக்டோபர் தொடக்கத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து கைதிகள் செத்தார்கள். அந்தப் பழியும் இந்தியா மேல் இருக்கிறது. 90 நாட்களில் கூடார விசாரணை நடந்தது வெறும் 10 நாட்கள்தான்.

கடைசிக் கணக்கு இது. 22,604 பேரில் 628 பேர் ஊருக்குத் திரும்பினார்கள். 51 பேர் இறந்தோ தப்பியோ போனார்கள். 21,839 பேரை 1954 ஜனவரியில் திம்மய்யா வந்த பக்கமே திருப்பி ஒப்படைத்தார். இவர்களை சுதந்திரக் குடிமக்கள் என்று அறிவிக்கும் அதிகாரம் அரசியல் மாநாடு கூடாமல் எனக்கில்லை என்பது அவர் நிலை. எப்படித் திருப்பித் தரலாம் என்று சீனத் தரப்பு கத்தியது, ஏன் விடுதலை என்று அறிவிக்கவில்லை என்று அமெரிக்கத் தரப்பு கத்தியது.

பார்க்கப்போனால் இது தோல்வி மாதிரிதான் தெரியும். ஆனால் எந்தச் சிக்கலுக்காக ஒன்றரை வருடம் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்களோ, அதை 6,000 பேர் நாலு மாதம் தங்கள் முதுகில் தாங்கினார்கள். அந்த நாலு மாதத்தில் போர் மறுபடி வெடிக்கவில்லை. கோபம் முழுக்க நடுவில் நின்றவர்கள் மேல் கொட்டப்பட்டதால் எதிர்ப்பக்கம் போய்ச்சேரவில்லை என்றும் சொல்லலாம்.

*

கணக்கில் மிச்சம் 86 பேர் இருக்கிறார்கள். தெற்கிலிருந்து ஒப்படைக்கப்பட்டவர்களில் 74 வடகொரியர்களும் 12 சீனர்களும் 'ரெண்டு பக்கமும் வேண்டாம்' என்றார்கள். வடக்கிலிருந்து வந்தவர்களில் இரண்டு தென்கொரியர்களும் அதையே சொன்னார்கள். ஆக 88. இந்தியப் படை திரும்பும்போது இவர்களையும் கூட்டிவந்தது. 1954 பிப்ரவரியில் அஸ்டூரியாஸ் என்ற கப்பலில் அவர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பிறகு டெல்லிக்கு அழைத்துப்போனார்கள். பலர் சில வருடங்களில் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். ஒரு சிலர் இந்தியாவிலேயே தங்கிக் குடும்பம் நடத்தினார்கள்.

கொரிய இலக்கியத்தில் இந்தப் பயணம் மறக்க முடியாத ஒன்றாகிவிட்டது. சோய் இன்-ஹுன் 1960இல் எழுதிய 'சதுக்கம்' நாவலின் நாயகன் தெற்கையும் பார்த்தவன், வடக்கையும் பார்த்தவன். கைதியாகி, நடுநிலை நாட்டுக்குப் போகிறேன் என்று தேர்ந்தெடுத்து, கப்பலேறுகிறான். நாவலில் அந்தக் கப்பலின் பெயர் தாகூர். பயணத்தின் நடுவிலேயே அவன் கடலில் காணாமல் போகிறான். கரை சேரவில்லை. கொரிய வாசகர்கள் தலைமுறை தலைமுறையாக அவனுக்காகத் துக்கப்பட்டிருக்கிறார்கள். நிஜக் கப்பலில் வந்தவர்கள் கரை சேர்ந்தார்கள் என்பதும், அந்தக் கரை நம்முடையது என்பதும் நமக்குத்தான் அவ்வளவாகத் தெரியாது.

கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்னாளில் வேறொரு போரிலிருந்து தப்பி இதே கரைக்கு வந்தவர்கள் உண்டு. ஈழத்திலிருந்து வந்தவர்களில் சிலரை நெடுங்காலம் அடைத்து வைத்திருந்த சிறப்பு முகாம் ஒன்று செங்கல்பட்டுக் கிளைச் சிறையில்தான் இருந்தது. திறந்த முகாமுக்கு மாற்றச் சொல்லி அங்கே உண்ணாவிரதங்கள் நடந்தன. 88 அந்நியர்களை வரவேற்ற நாடும் அதுதான், இதுவும் அதே நாடுதான்.

*

அந்த அரசியல் மாநாட்டில் இந்தியாவுக்கு என்ன இடம் கிடைத்தது? ஒன்றுமில்லை. 1953 ஆகஸ்டில் ஐ.நா.வில் வாக்கெடுப்பு நடந்தது. இந்தியா கலந்துகொள்ளலாம் என்று 27 நாடுகள், கூடாது என்று 21 நாடுகள். 11 நாடுகள் ஒதுங்கின. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. ரீயும் அமெரிக்காவும் இந்தியாவை விரும்பவில்லை. கைதிகளைக் காக்கும் வேலைக்கு வேண்டும், மேஜையில் உட்கார வேண்டாம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியவரைப் பத்திரிகையில் பெயர் போடாமல் விட்ட மாதிரி.

போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க இன்னொரு நடுநிலைக் குழுவும் இருந்தது. அது இன்றும் இருக்கிறது. செக்கோஸ்லோவாக்கியா பிளவுபட்டபின் 1993இல் செக் குழுவையும், 1995இல் போலந்துக் குழுவையும் வடகொரியா வெளியேற்றியது. பன்முன்ஜோமில் நீலக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் ஐந்து சுவிஸ் அதிகாரிகள், ஐந்து ஸ்வீடிஷ் அதிகாரிகள் இன்னும் வேலை பார்க்கிறார்கள். எண்ணுகிறார்கள், எழுதுகிறார்கள்.

இதைச் சொன்னால் ஒரு நியாயமான மறுப்பு வரும். 'பத்துப் பேர் நோட்டுப் போட்டு எழுதியதாலா எழுபது வருடம் போர் வரவில்லை? தெற்கில் சுமார் 28,500 அமெரிக்கச் சிப்பாய்கள் இருக்கிறார்கள், வடக்கில் அணுகுண்டு இருக்கிறது, பயம்தான் காரணம்.' பயம் பெரிய காரணம்தான். ஆனால் எதிராளி என்ன நினைக்கிறான் என்று தெரிந்தால்தான் பயம் போரைத் தடுக்கும். தெரியாவிட்டால் அதே பயம் முந்திக்கொள்ளச் சொல்லும். 1950இல் சீனாவைப் பற்றி நடந்தது அதுதான். 1994இல் யோங்பியோன் அணு உலையைத் தாக்கலாமா என்று வாஷிங்டன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, பதவியில் இல்லாத ஜிம்மி கார்ட்டர் ஜூன் மாதம் பியோங்யாங்குக்கு நேரில் போய் கிம் இல்-சுங்கிடம் பேசினார். அக்டோபரில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. அது பிறகு முறிந்தது. ஆனாலும் அந்தக் கோடையில் குண்டு விழவில்லை.

இந்தப் பழக்கம் கொரியாவுக்கு மட்டும் சொந்தமில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. இவற்றைத் தாக்க மாட்டோம் என்ற ஒப்பந்தத்தின்படி 1992 முதல் நடப்பது. எத்தனை சண்டை வந்தாலும் அந்தக் காகிதம் போய்ச்சேர்கிறது. மாமல்லபுரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் கல்பாக்கம் இருக்கும்போது, இந்த மாதிரிச் சலிப்பூட்டும் காகித வேலை எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை.

*

நடுவில் நிற்பவர்கள் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடலுக்கு அந்தப் பக்கமே உதாரணம் இருக்கிறது. 2002 பிப்ரவரி 22 அன்று நார்வே முயற்சியில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். ஐந்து நோர்டிக் நாடுகளின் கண்காணிப்புக் குழு வந்தது. அவர்களால் கொலைகளைத் தடுக்க முடியவில்லை. இரண்டு தரப்பும் அவர்களைத் திட்டின. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. ஒன்றியத்தில் உள்ள ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்றார்கள் புலிகள். மிஞ்சியது நார்வேயும் ஐஸ்லாந்தும். 2008 ஜனவரியில் அரசு உடன்படிக்கையை முறித்தது, குழு மூட்டை கட்டியது. அந்த செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்களும் வன்னியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 2009இல் நடந்தது நமக்குத் தெரியும். எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றுவரை ஒத்த கணக்கு இல்லை. எண்ணுவதற்கென்று நடுவில் யாரும் மிஞ்சவில்லை. கண்காணிப்பாளர்கள் இருந்திருந்தால் முள்ளிவாய்க்கால் நடந்திருக்காது என்று சொல்ல முடியாது. இருந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள் என்று சொல்லலாம்.

கொரியாவில் இப்போது அந்த நடு இடம் சுருங்கிக்கொண்டு வருகிறது. 2020 ஜூனில் கேசோங்கில் இருந்த கூட்டுத் தொடர்பு அலுவலகத்தை வடக்கு வெடிவைத்துத் தகர்த்தது. அதே கேசோங்கில் 2004 முதல் 2016 வரை தெற்கின் கம்பெனிகளில் வடக்கின் 50,000க்கும் மேற்பட்ட தொழிலாளிகள் வேலை பார்த்திருக்கிறார்கள். 2023 இறுதியில் கிம் ஜோங்-உன் இனி இணைப்பு என்ற பேச்சே இல்லை, தெற்கு எதிரி நாடு என்றார். 2024 மார்ச்சில் வடகொரியத் தடைகளைக் கண்காணித்த ஐ.நா. நிபுணர் குழுவின் நீட்டிப்பை ரஷ்யா வீட்டோ செய்தது. ஜூனில் புடினும் கிம்மும் பரஸ்பர உதவி ஒப்பந்தம் போட்டார்கள், அக்டோபரில் வடகொரியச் சிப்பாய்கள் ரஷ்யாவில் இருப்பது தெரியவந்தது. அதே அக்டோபரில் தெற்கோடு இணைக்கும் சாலைகளை வடக்கு தகர்த்தது. 2025 ஜூனில் தென்கொரியாவின் புதிய அதிபர் லீ ஜே-மியுங் எல்லையில் ஒலிபெருக்கிப் பிரச்சாரத்தை நிறுத்தச் சொன்னார். சின்ன விஷயம்தான். ஆனாலும் சத்தம் குறைந்தது.

இந்தியாவுக்கு 1973இலிருந்து இரண்டு கொரியாக்களோடும் தூதரக உறவு இருக்கிறது. 2021 ஜூலையில் கொரோனா காலத்தில் காலியான பியோங்யாங் தூதரகத்துக்கு 2024 டிசம்பரில் மறுபடி ஆட்கள் போனார்கள். அந்தச் செய்தி நம் ஊர்ப் பக்கங்களில் ஓரத்தில் வந்திருந்தால் அதிகம். ஹூண்டாயின் பங்கு விலைக்குக் கிடைத்த இடம் அதற்குக் கிடைக்கவில்லை. வியாபாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. இந்த வட்டாரத்தில் எத்தனை வீட்டு அடுப்பு அதில் எரிகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் பன்முன்ஜோம் பனியில் 6,000 பேரை நிறுத்திய நாடு, பணிக்கரின் தந்தி வழியாக உலகத்துக்குச் சேதி சொன்ன நாடு, இன்று கொரியா என்றதும் முதலீட்டு மாநாட்டை மட்டும் நினைப்பது ஒரு இழப்பு. நடுநிலை என்றால் வேலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது என்று ஆகிவிட்டது. திம்மய்யாவின் ஆட்களுக்கு அது கல்லடி வாங்கிக்கொண்டு 22,604 பேரை எண்ணிக் கணக்குக் கொடுக்கும் வேலையாக இருந்தது.

இரண்டு கொரியாக்களுக்கும் நடுவில் ஒரு தொலைபேசி இணைப்பு உண்டு. தினமும் காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் கூப்பிடுவது வழக்கம். 2023 ஏப்ரலிலிருந்து வடக்கு எடுப்பதில்லை. அதன் பிறகும் தெற்கிலிருந்த அதிகாரிகள் அந்த நேரத்துக்கு எண்ணைச் சுழற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். எடுக்காத போனை ஏன் அடிக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒருநாள் எதிர்ப்பக்கம் யாராவது எடுத்தால் இந்தப் பக்கம் ஆள் இருக்க வேண்டுமே, அதற்குத்தான்.